முன்னோட்ட அப்டேட் ஏறவில்லை: முட்டிப் பார்ப்பதா, விலகிக்கொள்வதா?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்குச் சித்தி மகன் போன் செய்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

"அண்ணா, மூணாவது தடவையும் அதேதான். ரீஸ்டார்ட் ஆகுது, பாதி தூரம் போகுது, அப்புறம் செஞ்ச மாற்றத்தையெல்லாம் திரும்ப எடுக்கறேன்னு சொல்லிட்டு பழைய விண்டோஸ்லயே வந்து நிக்குது. இன்னைக்கு ராத்திரிக்குள்ள எப்படியாவது ஏத்தணும்."

"எந்தச் சேனல்ல சேர்ந்திருக்க?"

"டெவ்."

"பேக்கப் இருக்கா?"

"டிரைவ்ல கொஞ்சம் இருக்குண்ணா. பிராஜெக்ட் எல்லாம் லேப்டாப்லதான்."

அவனுக்கு இருப்பது அந்த ஒரு லேப்டாப். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, அதில் காலியாக இருந்தது 19 ஜிபி. பிராஜெக்ட் ரிவியூவுக்கு 12 நாள் இருந்தது. ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த புது வசதி தன் லேப்டாப்பிலும் வரவேண்டும் என்பதற்காக விண்டோஸ் இன்சைடர் திட்டத்தில், அதாவது விண்டோஸின் வரப்போகும் பதிப்புகளை வெளியாவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்ட் நடத்தும் திட்டத்தில், பதிவு செய்திருக்கிறான். அதற்குள் இருக்கும் பிரிவுகள்தான் சேனல்கள், டெவ் அவற்றில் ஒன்று.

அன்று அவனுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த இடத்தில் மாட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே பக்கமாகத்தான் ஓடுகிறார்கள். பிழை எண்ணைத் தேடுவார்கள், கிடைத்த கட்டளைகளை வரிசையாக அடிப்பார்கள், ஏறும்வரை விடமாட்டார்கள். ஆனால் அவர்கள் முன்னால் ஆறு வழிகளாவது இருக்கின்றன: அடுத்த பில்டு (எண்ணிட்டு வெளிவரும் அடுத்த முன்னோட்டப் பதிப்பு) வரும்வரை பொறுத்திருக்கலாம், பழுது பார்த்து மறுபடி முயலலாம், விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, இருப்பதை அழிக்காமல் மேலேயே போடலாம், ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போடலாம், சேனலைவிட்டு விலகலாம், அல்லது முன்னோட்டப் பதிப்பை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம். உங்களுக்கு எது சரி என்பதைப் பிழை எண் பாதிதான் சொல்லும். மீதியை, உங்களிடம் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது, திரும்பி வர வழி இருக்கிறதா என்பதுதான் சொல்லும்.

ஏறாதவரை வெளியே வரலாம்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நிலையான விண்டோஸிலிருந்து முதல் முன்னோட்டப் பில்டுக்குப் போகும்போது அப்டேட் தோற்றுத் திரும்பினால், உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் நிலையான பதிப்பில்தான் இருக்கிறது. அமைப்புகளில் இன்சைடர் பக்கத்துக்குப் போய் விலகிவிட்டால் கதை முடிந்தது. ஒரு கோப்பும் போகாது, ஒரு மென்பொருளும் போகாது. அதே பில்டு ஏறிவிட்டது என்று வையுங்கள், நிலைமையே வேறு.

டெவ் அல்லது கேனரி சேனலின் பில்டு ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், அங்கிருந்து நிலையான பதிப்புக்கு இறங்க மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி பொதுவாக ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போடுவது. பில்டு எண் மேலே ஏறும், கீழே இறங்காது. டெவ்வில் 10 அடி மேலே போய்விட்டு, அமைப்புகளில் சேனலை மட்டும் பீட்டா என்று மாற்றினால் உடனே எதுவும் நடக்காது. பீட்டாவின் எண் உங்கள் எண்ணைத் தாண்டும்வரை நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

"10 நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாமே?" என்று கேட்பார்கள். உண்மைதான். முழு ஓஎஸ் மாற்றமாக வரும் பில்டு, பழையதை விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். 10 நாள்வரை அதிலிருந்து திரும்பலாம். விண்டோஸைப் பராமரிக்கும் டிஐஎஸ்எம் கட்டளை தெரிந்தவர்கள் அந்தக் கெடுவை 60 நாள்வரை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் இதற்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. இன்சைடர் சேனல்களில் சில சமயம் வாரம் ஒரு பில்டு வரும். இன்று ஒன்று ஏறி, ஆறாம் நாள் இன்னொன்று ஏறினால், விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரில் இப்போது இருப்பது உங்கள் பழைய நிலையான விண்டோஸ் அல்ல, ஆறு நாளுக்கு முந்தைய முன்னோட்டப் பில்டு. திரும்பினாலும் அங்கேதான் போய் நிற்பீர்கள். முதல் பில்டு ஏறியவுடன் அப்டேட்டை நிறுத்திவைத்துவிட்டு, பிடித்திருக்கிறதா என்று நான்கு நாள் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் இடம் பிடிக்கிறது என்று அந்த ஃபோல்டரை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, டெவ், கேனரி பில்டுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் வின்வெர் என்று அடித்தால் வரும் சின்னப் பெட்டியில் அந்தத் தேதி இருக்கும். அதைத் தாண்டி அப்டேட் செய்யாமல் கிடந்தால் கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கி, கடைசியில் எழவே எழாது. அதாவது புது பில்டு ஏற மறுக்கும் ஒரு முன்னோட்டக் கம்ப்யூட்டரை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் விடமுடியாது.

சேனல் என்பது வேகம் மட்டுமில்லை

இன்சைடர் திட்டம் 2014 செப்டம்பர் கடைசியில் விண்டோஸ் 10-ஐ ஒட்டி அறிவிக்கப்பட்டது. அப்போது வேகமான வளையம், மெதுவான வளையம் என்று பிரித்திருந்தார்கள். 2020-ல் அதை டெவ், பீட்டா, ரிலீஸ் பிரிவியூ என்ற சேனல்களாக மாற்றினார்கள். 2023 மார்ச்சில் கேனரி சேர்ந்து நான்கானது. பலர் இதை வேகத்தின் ஏணியாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு இது முக்கியமாக, வெளியே வருவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதன் ஏணி.

ரிலீஸ் பிரிவியூவில் வருவது கிட்டத்தட்ட வெளியாகப்போகும் பதிப்புதான், சில வாரம் முன்னால் வருகிறது, அவ்வளவே. அதிலும் பீட்டாவிலும் "அடுத்த பதிப்பு வெளியானதும் என்னை விடுவித்துவிடு" என்று சொல்லி வைக்கலாம். அந்தப் பதிப்பு வந்ததும் அழிக்காமல் கொள்ளாமல் நிலையான பக்கம் வந்துசேரலாம். டெவ்வில் வரும் மாற்றங்கள் ஒரு வெளியீட்டுக்கு என்று உறுதியாகக் கட்டுப்பட்டவை இல்லை. கேனரி இன்னும் ஆழத்தில், ஓஎஸ்ஸின் அடித்தளத்தையே கிளறுவது. அதற்கு எழுத்தில் வரும் விளக்கமும் குறைவு.

சித்தி மகனிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி, அந்த வீடியோவில் பார்த்த வசதி பில்டு ஏறினால் கட்டாயம் வருமா என்பது. அவன் வரும் என்றே நினைத்திருந்தான். வராமலும் போகலாம். புது வசதிகளை மைக்ரோசாஃப்ட் ஒரே நாளில் எல்லா இன்சைடருக்கும் திறந்துவிடுவதில்லை. முதலில் கொஞ்சம் பேருக்கு, பிரச்சினை இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பேருக்கு என்று படிப்படியாகத் திறக்கிறார்கள். ஒரே பில்டு ஓடும் இரண்டு லேப்டாப்பில் ஒன்றில் அந்த வசதி இருக்கும், மற்றதில் இருக்காது. மூன்று இரவு முட்டி ஏற்றியும் அவன் தேடியது கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

பொறுத்திருப்பது

செலவே இல்லாத வழி இது. ஒவ்வொரு பில்டோடும் தெரிந்த கோளாறுகளின் பட்டியல் ஒன்று வெளியாகும். "இந்தப் பில்டை ஏற்றும்போது சிலருக்குத் தோற்றுத் திரும்புகிறது, ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்" என்ற வகைக் குறிப்பு அதில் அடிக்கடி வரும். உங்கள் பிழை எண் அந்தப் பட்டியலில் இருந்தால், வேறெதையும் தொடாதீர்கள். கோளாறு அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கம் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கிளறுவது, நன்றாக இருக்கும் கம்ப்யூட்டரை நாமே கெடுப்பது. அடுத்த பில்டு வரும்வரை அப்டேட்டை நிறுத்திவையுங்கள்.

அடுத்தடுத்து இரண்டு பில்டு ஒரே இடத்தில் ஒரே எண்ணோடு தோற்றால் மட்டும், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது பொறுமை உதவாது.

பழுது பார்ப்பது: எங்கே தோற்றது என்று முதலில் பாருங்கள்

இங்கேதான் நேரம் நிறைய வீணாகிறது. எல்லா இடத்திலும் ஒரே மருந்தைச் சொல்கிறார்கள்: அப்டேட் சேவைகளை நிறுத்து, இறங்கிய அப்டேட்கள் கிடக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்று, மறுபடி தொடங்கு. நல்ல மருந்துதான், ஆனால் ஒரே ஒரு நோய்க்கு. டவுன்லோடு நடுவில் நின்றாலோ, இறங்கியது கெட்டுப்போயிருந்தாலோ அது கேட்கும். எல்லாம் இறங்கி, ரீஸ்டார்ட் ஆகி, அதற்குப்பின் தோற்றுத் திரும்பும் அப்டேட்டுக்கு இதைக் கொடுத்தால், அந்த 5 ஜிபியை இன்னொருமுறை இறக்குவீர்கள், அதே இடத்தில் அதேபோலத் தோற்கும். மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்களுக்கு அது ஒரு நாளின் அளவைத் தாண்டிய இழப்பு.

ஆகவே முதல் வேலை, எந்த இடத்தில் தோற்றது என்று பார்ப்பது. விண்டோஸ் ஓஎஸ் மாற்றம் நான்கு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் நீங்கள் பழைய ஓஎஸ்ஸில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் ஓடும். இரண்டாவது, ரீஸ்டார்ட் ஆகி ஒரு சிறிய மீட்புச் சூழலில் கோப்புகளை இடம் மாற்றுவது. மூன்றாவது, புதிய ஓஎஸ் முதன்முறை எழுந்து டிரைவர்களை (சாதனங்களை இயக்கும் சிறு மென்பொருள்களை) ஏற்பது. நான்காவது, மறுபடி எழுந்து உங்கள் அமைப்புகளைக் கொண்டுவந்து சேர்ப்பது.

சித்தி மகன் அனுப்பிய படத்தில் இரண்டு எண் இருந்தன. முன்னால் வரும் 0எக்ஸ்-ஐ விட்டுவிட்டுச் சொன்னால், சி1900101, பிறகு ஒரு கோடு, பிறகு 30018. முதல் எண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் டிரைவர் கோளாறு என்று தெரிந்துவிடும். இரண்டாவது எண்ணின் முதல் இலக்கம் எந்தக் கட்டம் என்பதைச் சொல்லும். 3 என்றால் புதிய ஓஎஸ் முதன்முறை எழும் கட்டம். ஆக, ஏதோ ஒரு டிரைவர் அந்த நேரத்தில் பதில் சொல்லாமல் நிற்கிறது. இதற்கு ஃபோல்டர் பெயர் மாற்றுவதால் என்ன பலன்? அவன் அதை மூன்று முறை செய்திருந்தான்.

மற்ற எண்களில் அடிக்கடி வருபவை: 80070070 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. 800எஃப்0922 வந்தால் பெரும்பாலும் நம் கண்ணில் படாத சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியில் இடம் போதவில்லை. சி1900208 என்றால் ஒத்துவராத மென்பொருள் ஒன்று குறுக்கே நிற்கிறது. 80073712 என்றால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் ஏதோ சிதைந்திருக்கிறது. அந்த நேரத்தில் டிஐஎஸ்எம்மின் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளையை முதலிலும், விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை அதற்குப் பிறகும் ஓட்டவேண்டும். இந்த வரிசை முக்கியம். எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுக்கும் கிடங்கையே டிஐஎஸ்எம்தான் சரிசெய்கிறது. கிடங்கு கெட்டுக் கிடக்கும்போது எஸ்எஃப்சியை ஓட்டினால் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

டிரைவர் கோளாறு என்றால் கட்டளைகளைவிடக் கைவேலைதான் பலன் தரும். பென்டிரைவ், பிரின்டர், வெளி ஹார்டு டிஸ்க், டாங்கிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும். தனியாகப் போட்ட வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைத்துவைப்பது போதாது, நீக்கிவிடுங்கள். அப்டேட் முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அப்புறம், டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். எப்போதோ செருகிக் கழற்றிய சாதனங்கள் எல்லாம் மங்கலாக அங்கே நிற்கும். சாதனம் போயிருக்கும், டிரைவர் போயிருக்காது. மைக்ரோசாஃப்டின் செட்அப்டயக் என்ற சிறு கருவியை ஓட்டினால், அப்டேட்டின்போது நடந்ததைக் குறித்துவைத்திருக்கும் பதிவேடுகளைப் படித்து எந்த டிரைவர், எந்தக் கட்டம் என்று பல சமயம் நேரடியாகவே சொல்லிவிடும். பதிவேடுகளைத் தானே திறந்து படிக்க விரும்புகிறவர்கள் பாந்தர் என்ற ஃபோல்டரில் பார்க்கலாம்.

ஐஎஸ்ஓவை மேலே போடுவதும், ஃபார்மட் அடிப்பதும்

ஐஎஸ்ஓவை இறக்கி, அதற்குள் இருக்கும் செட்அப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டுவது எனக்குப் பிடித்த வழி. விண்டோஸ் அப்டேட் என்ற நடுத்தரகர் இல்லை. டவுன்லோடு சிக்கல், கெட்டுப்போன கிடங்கு, பாதியில் சிக்கிய பழைய அப்டேட், இவை எதுவும் இதை அவ்வளவாகத் தொடாது. கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். இன்சைடர் ஐஎஸ்ஓவை எடுக்கப் பதிவு செய்த கணக்கில் நுழைந்திருக்கவேண்டும். எல்லாப் பில்டுக்கும் ஐஎஸ்ஓ வெளியாவதில்லை.

இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று மொழி. உங்கள் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலத்தில் போடப்பட்டிருந்து, நீங்கள் ஆங்கிலம் இன்டர்நேஷனல் என்றிருக்கும் ஐஎஸ்ஓவை எடுத்துவந்தால், மென்பொருள்களை வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கிப்போய்க் கையில் சிக்காது. அந்தத் திரையில் என்ன தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டுகிறவர்கள் எல்லா மென்பொருளையும் இழக்கிறார்கள். அந்த ஒரு திரையில் மட்டும் கையை எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

இன்னொன்று, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது, சொந்தக்காரருக்கே தெரியாமல். அப்டேட் நடுவில் ஏதாவது ஆகி, எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டால் அப்போது எங்கே தேடுவது? தொடங்குவதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். போனில் படம் எடுத்தாலும் சரி, அந்த லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள்.

ஆனால் டிரைவர் கோளாறுக்கு ஐஎஸ்ஓவும் மருந்தில்லை. அதே டிரைவர், அதே மூன்றாம் கட்டம், அதே தோல்வி. சித்தி மகனுக்கு நான் இதைப் பரிந்துரைக்காததற்கு அதுதான் காரணம்.

ஃபார்மட் அடித்துப் போட்டால் ஏறிவிடும், அதில் சந்தேகமில்லை. பழைய டிரைவர், பழைய குப்பை எதுவுமே இருக்காதே. ஆனால் ஒரே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர் முன்னோட்டப் பதிப்புக்குள் நுழைவதற்காக அதை அழிப்பதை என்னால் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை. வெளியே வருவதற்கும் அதே ஃபார்மட்தான் அடிக்கவேண்டும். உதிரிக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அதற்கு இதுதான் சுத்தமான வழி. ஆனால் அந்த உதிரி மிகப் பழையது என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2021-ல் விண்டோஸ் 11 முன்னோட்டம் வந்தபோது, தகுதி இல்லாத சில கம்ப்யூட்டர்களும் டெவ் சேனலில் அதை வாங்கின. வெளியீடு நெருங்கியதும், விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகச் சொன்னார்கள். சோதனைக் காலத்தில் திறந்திருக்கும் எல்லாம் வெளியீட்டுக்குப் பிறகும் திறந்திருக்கும் என்று எண்ணவேண்டாம்.

வேறோர் இடத்தில் வைப்பது

ஆர்வம் உண்மையானது, கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று என்றால், மெய்நிகர் கணினிதான் என் பதில், அதாவது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு அதற்கான ஹைப்பர்-வி கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் அது இல்லை, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி விர்ச்சுவல்பாக்ஸின் 7.0 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே இருக்கிறது.

இதன் அழகு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையை அப்படியே சேமித்துவைப்பது. ஒவ்வொரு பில்டுக்கும் முன்னால் ஒன்று எடுத்து வைத்தால், அப்டேட் பாதியில் செத்தாலும், பச்சைத் திரை வந்தாலும் இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். (இன்சைடர் பில்டுகளில் விண்டோஸ் சரியும்போது வரும் திரை நீலம் இல்லை, பச்சை. முன்னோட்டப் பதிப்பின் சரிவுகளைத் தனியாக அடையாளம் காண அப்படி வைத்திருக்கிறார்கள்.) மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, தங்கள் நிரல் வரப்போகும் விண்டோஸில் ஓடுமா என்று பார்க்க இது போதும். தமிழ்த் தட்டச்சில் அக்கறை உள்ளவர்களுக்கும் போதும். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே வந்தது 2019 மே மாத அப்டேட்டில். இனி வரும் பதிப்பில் அது ஒழுங்காக வேலை செய்கிறதா, எழுத்துரு உடைகிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

குறையும் உண்டு. 8 ஜிபி ரேமில் 4 ஜிபியை உள்ளே இருப்பதற்குக் கொடுத்தால் இரண்டுமே திணறும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, கைரேகை வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் சரியாக எழுகிறதா என்பதெல்லாம் மெய்நிகர் கணினியில் தெரியாது. அவற்றைப் பார்க்கத்தான் ஆசை என்றால் இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் தனியாக ஓஎஸ் போடுங்கள். போடும்போது முதல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. எழுதும் பகுதியைத் தவறாகத் தேர்ந்தெடுத்து அழித்தவர்கள் நிறையப் பேர்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இன்னும் எளிது. டிஸ்க்கைப் பிரிக்காமலேயே இன்னொரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் (அதே டிஸ்க்கின் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் தனிப் பகுதி) சேர்த்து அதில் பீட்டாவைப் போடலாம். உபுண்டுக்காரர்கள் பென்டிரைவிலிருந்தே பீட்டாவை எழுப்பிப் பார்க்கலாம்.

விலகுவது தோல்வி இல்லை

புதிதாக வருவது சீக்கிரம் கைக்கு வரவேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு இன்சைடர் திட்டமே தேவைப்படாமல் போகலாம். நிலையான விண்டோஸ் 11-இல் அப்டேட் பக்கத்திலேயே, அப்டேட்கள் கிடைத்தவுடன் எனக்குக் கொடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் அடுத்த மாதத்துக்கான மாற்றங்கள் இந்த மாதக் கடைசியிலேயே விருப்ப அப்டேட்டாக வந்துவிடும். அது போதவில்லை என்றால் ரிலீஸ் பிரிவியூ. பத்தில் ஒன்பது பேருக்கு இந்த இரண்டில் ஒன்று போதும் என்பது என் அனுபவம். இன்சைடர் பில்டு வாங்கக் கூடுதல் கண்டறியும் தரவை அனுப்பச் சம்மதிக்கவேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அலுவலகக் கோப்புகள் இருக்கும் கம்ப்யூட்டரில் அந்தச் சம்மதத்தை நீங்கள் மட்டும் கொடுத்துவிட முடியாது.

அதே சமயம், நிலையான பதிப்பில் இருந்தால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடவேண்டாம். 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு எல்லோருக்கும் வெளியானது. சிலருக்கு அவர்களுடைய ஆவணங்களும் படங்களும் அழிந்தன. நான்கே நாளில் நிறுத்திவிட்டார்கள். சரிசெய்து மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆனது. இதில் என்னை இன்றும் வருத்துவது ஒன்று உண்டு. கோப்புகள் காணாமல் போவதைச் சில இன்சைடர்கள் முன்பே, மைக்ரோசாஃப்டுக்குக் குறைகளைத் தெரிவிக்கும் ஃபீட்பேக் ஹப்பில் எழுதியிருந்தார்கள். அதிகம் பேர் அதற்கு ஆதரவு வாக்கு போடாததால் அது குவியலுக்கு அடியில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் எழுதுகிறவரே பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிக்கும் இடத்தை அதில் சேர்த்தார்கள்.

அதனால் அப்டேட் ஏறாமல் விலகுகிறவர்களும் கிளம்புவதற்கு முன் ஃபீட்பேக் ஹப்பைத் திறந்து, பில்டு எண், இரண்டு பிழை எண்கள், எந்தக் கட்டம், செட்அப்டயக் சொன்னது என்ன என்று நான்கு வரி எழுதிவிடுங்கள். உங்கள் லேப்டாப் மாடலில் அந்த டிரைவர் தோற்கிறது என்பது வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். முன்னோட்டத் திட்டத்துக்கு நாம் தரக்கூடிய உண்மையான உழைப்பு அதுதான், பில்டை ஏற்றுவதில் இல்லை.

அன்று இரவு சித்தி மகன் விலகிக்கொண்டான். மனசே இல்லை அவனுக்கு, குரலிலேயே தெரிந்தது. "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு, நான் சொன்னபடி தற்காலிக நிறுவல் கோப்புகளை அழித்தான். இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. மறுநாள் நண்பனின் வெளி ஹார்டு டிஸ்க்கை வாங்கி பிராஜெக்ட் முழுவதையும் நகல் எடுத்தான்.

ரிவியூ முடிந்த வாரம் செட்அப்டயக்கை ஓட்டிப் பார்த்தோம். முதலாம் ஆண்டில் லேப்டாப்பின் வைஃபை மக்கர் செய்தபோது வாங்கிய யுஎஸ்பி டாங்கிள் ஒன்று. அது எப்போதோ தொலைந்துவிட்டது, ஆனால் அதன் டிரைவர் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து குறுக்கே நின்றிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த மங்கலான பெயரை வலது சொடுக்கி, டிரைவரையும் சேர்த்து நீக்கினான். அத்தோடு நிறுத்திக்கொண்டோம், லேப்டாப்பில் டெவ்வை மறுபடி முயலவில்லை. விடுமுறையில் வேலை செய்த காசில் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டு, ஒரு வெளி எஸ்எஸ்டியில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்துக்கொண்டான்.

போன மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "அண்ணா, புது பில்டு வந்திருக்கு. தெரிந்த கோளாறு லிஸ்ட் படிச்சேன், ஸ்னாப்ஷாட் எடுத்துட்டேன். போடவா?"

"போடு" என்று பதில் அனுப்பினேன்.